முதல் யோசனையோடு நின்றுவிட வேண்டாம்: வினாத்தாள் அமைப்போருக்கும் கையேடு எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கும், ஆசிரியர் கையேடு எழுதும் வல்லுநர்களுக்கும், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்களில் பயிற்சி நடத்தும் கருத்தாளர்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று 5 மதிப்பெண் வினா ஒன்று வருகிறது. படத்தைப் பார்த்து மாணவர் தாமாக யோசித்து எழுத வேண்டிய இடம் அது. பொதுத்தேர்வில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. அதையும் மனப்பாடம் பிடித்துக்கொண்டுவிட்டது. காட்சியைக் கண்டேன், வியந்தேன், கவிதை தந்தேன் என்ற போக்கில், எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற கவிதை ஒன்றை மாணவர்கள் முன்கூட்டியே உருப்போட்டு வருகிறார்கள். ஏர் உழும் படத்துக்கும் அது பொருந்தும், புத்தகம் படிக்கும் சிறுமியின் படத்துக்கும் பொருந்தும். திருத்துபவரும் மதிப்பெண் போட்டாக வேண்டும், ஏனென்றால் எழுத்துப்பிழை இல்லை, அடிகள் போதுமான அளவு இருக்கின்றன. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்வு நேரத்தில் பயந்துபோன பிள்ளைக்கு உறுதியான 4 மதிப்பெண் கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. வினாவின் அமைப்பு அப்படி.

அதை மாற்ற இரண்டே வரி போதும். படத்துக்குக் கீழே ஒரு நிபந்தனை சேருங்கள்: ‘இந்தப் படத்தில் மட்டுமே உள்ள இரண்டு நுணுக்கங்கள் கவிதையில் வர வேண்டும். அழகு, இனிமை, அற்புதம் ஆகிய சொற்கள் வரக்கூடாது.’ விடைக்குறிப்பில், அந்த இரண்டு நுணுக்கங்களுக்கு மட்டும் 2 மதிப்பெண் ஒதுக்குங்கள். ஏர் உழும் படத்தில் மாட்டின் ஒரு கொம்பு மட்டும் வளைந்திருப்பதையோ, உழவரின் நிழல் அவருக்கு முன்னால் விழுவதையோ கவனித்து எழுதிய பிள்ளைக்கு அந்த 2 மதிப்பெண் கிடைக்கும். உருப்போட்ட கவிதைக்கு அது கிடைக்காது. தவிர்க்க வேண்டிய சொற்களை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றாவது ஆண்டில் அந்த நிபந்தனைக்கும் ஒரு தயார்நிலைக் கவிதை வந்துவிடும்.

இந்த மடலை எழுதக் காரணம் அந்த ஒரு வினா மட்டும் இல்லை. படைப்புச் சிந்தனை என்றால் புதிதாக ஏதாவது தோன்றுவது என்ற அளவிலேயே நம் கையேடுகளும் பயிற்சிகளும் நின்றுவிடுகின்றன. தோன்றியதை எடைபோடுவது, பலவற்றில் ஒன்றைத் தேர்வது, தேர்ந்ததைத் திருத்தி மேம்படுத்துவது ஆகிய மறுபாதியை வகுப்பில் யாரும் கற்பிப்பதில்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளிடையே ஒப்பிடும் பன்னாட்டுத் தேர்வான பிசாவின் (PISA) 2022 சுற்றில் முதன்முறையாகப் படைப்புச் சிந்தனை சேர்க்கப்பட்டு, 2024 ஜூனில் முடிவுகள் வெளியாயின. அதில் சோதித்த மூன்று திறன்களில் ஒன்று, கொடுக்கப்பட்ட யோசனையை மதிப்பிட்டு மேம்படுத்துவது. மற்ற இரண்டும் பலவகையான யோசனைகளைத் தருவதும் புதுமையான யோசனையைத் தருவதும். இந்தியா அந்தச் சுற்றில் பங்கேற்கவில்லை. ஆனால் பிசா 2009-இன் கூடுதல் சுற்றில் இமாச்சலப் பிரதேசத்தோடு தமிழ்நாடும் பங்கேற்றுப் பட்டியலின் அடிப்பகுதியில் இடம்பெற்றது. மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளால், பார்த்திராத வினாவை எதிர்கொள்ள முடியவில்லை என்பதை அப்போதே கண்டோம்.

நம்மிடம் முயற்சி இல்லாமல் இல்லை. தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. உயர்தொடக்க வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற பெயரிலேயே ஒரு முறை வந்தது. அதன் மையப் படியான மனவரைபடம், அதாவது ஒரு கருத்தை நடுவில் எழுதித் தொடர்புடையவற்றைக் கிளைகளாக வரைவது, நல்ல கருவி. ஆனால் பல வகுப்புகளில் அது, பாடத்தின் துணைத்தலைப்புகளை வட்டத்துக்குள் எழுதிக் கோடு இழுப்பதாகச் சுருங்கிப்போனது. பாடத்தில் இருப்பதைச் சுருக்குவதற்கு அது உதவியது, பாடத்தில் இல்லாததை யோசிப்பதற்கு உதவவில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தபோது வாசல் ஒன்று திறந்தது. அந்த 40-க்குள் செயல்பாடுகள் வந்தன. கூடவே ஸ்டேஷனரி கடைகளில் படத்தாள் விற்பனையும் வந்தது. சார்ட்டில் ஒட்டிய படம் நேர்த்தியாக இருந்தால் மதிப்பெண், பிள்ளை என்ன யோசித்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பொருளை மதிப்பிட்டோம், அது உருவான வழியை மதிப்பிடவில்லை. இந்த முறை அதைத் திருப்பிப் போட வேண்டும்.

எப்படி என்று மூன்று பாடங்களில் காட்டுகிறோம்.

ஆறாம் வகுப்புத் தமிழில் விடுகதை உருவாக்கும் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 நிமிடம், ஆளுக்கு அரைத்தாள். ‘விடுகதை ஒன்று எழுது’ என்று மட்டும் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் பாட்டியிடம் கேட்டதை எழுதுவார்கள், மீதிப்பேர் பேனாவைக் கடிப்பார்கள். பொருளை நாம் கொடுத்துவிட வேண்டும். பெஞ்சுக்கு ஒரு பொருள்: குடை, சைக்கிள் மணி, தண்ணீர்க் குடம், பூட்டு. முதல் 4 நிமிடம் யாரும் பேசக்கூடாது. அந்தப் பொருளைப் பற்றி எட்டுச் செய்திகள் எழுத வேண்டும். எப்படி இருக்கும், என்ன செய்யும், எப்போது பயன்படாது, எதைக் கண்டால் மாறும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும். முதல் மூன்று எல்லோருடைய தாளிலும் ஒன்றாகத்தான் இருக்கும். எட்டு என்று கேட்பதற்குக் காரணமே அதுதான், ஆறாவதிலிருந்துதான் பிள்ளை உண்மையில் பொருளைப் பார்க்கத் தொடங்குகிறது. அடுத்த 5 நிமிடத்தில், எட்டில் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இரண்டைத் தேர்ந்து விடுகதையின் முதல் வரைவை எழுத வேண்டும்.

இதற்கு அடுத்த கட்டம்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எழுதியதை வேறு பெஞ்சில் உள்ள மூன்று பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். மூவரும் உடனே விடை சொல்லிவிட்டால் விடுகதை எளிது. மூவரும் திணறினால் குறிப்பு போதவில்லை. வேறொரு விடையைச் சொல்லி அதுவும் பொருந்தினால், அந்த விடையை விலக்கும் குறிப்பு ஒன்று தேவை. ‘மழ வந்தா விரியும்’ என்று எழுதினால் எல்லோரும் குடை என்று கத்துவார்கள். ‘ஒற்றைக் காலில் நிற்பான், தலையில் தொப்பி வைத்திருப்பான்’ என்று மாற்றினால் காளான் என்று ஒருவரும் தெருவிளக்கு என்று ஒருவரும் சொல்வார்கள், இரண்டும் சரியாகவே இருக்கும். இப்போது பிள்ளைக்கு ஒரு திட்டவட்டமான சிக்கல் கிடைத்துவிட்டது: காளானும் தெருவிளக்கும் செய்யாத எதைக் குடை செய்கிறது? ‘ஒற்றைக் காலன், ஊர் சுற்றுவான், வெளியே போனால் விரிவான், வீட்டுக்கு வந்தால் மடிவான்.’ மழை என்ற சொல் போய்விட்டது, காளானும் விளக்கும் விலகிவிட்டன. மூன்று வரைவுகளும் அதே தாளில், அடிக்காமல், அழிக்காமல் இருக்க வேண்டும். மதிப்பிட வேண்டியது அந்தத் தாளைத்தான். ரப்பரை அந்த 40 நிமிடத்துக்குப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ‘மழ வந்தா’ என்று எழுதியதைக் கண்டதும் நம் கை சிவப்புப் பேனாவுக்குப் போகிறது. முதல் வரைவிலேயே ‘மழை வந்தால்’ என்று திருத்திவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை வைத்து மட்டுமே யோசிக்கும். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் குறைவு, யோசனையும் அந்த அளவுக்குக் குறுகிவிடும். எழுத்துத்தமிழும் சந்தியும் கட்டாயம் வேண்டும், கடைசி வரைவில். முதல் இரண்டும் பேச்சுத்தமிழில் இருக்கட்டும் என்று கையேட்டிலேயே அச்சிடுங்கள். ஆசிரியர் தன் விருப்பத்துக்குச் செய்தால் பார்வைக்கு வரும் அலுவலர் ‘ஏன் திருத்தவில்லை’ என்று கேட்பார். கையேட்டில் இருந்தால் கேட்கமாட்டார்.

கணக்கில் இதற்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ‘சுற்றளவு 24 செ.மீ. கொண்ட செவ்வகங்களை வரைக’ என்று ஏழாம் வகுப்பில் கேளுங்கள். பக்கங்கள் முழு எண்களாக இருந்தால் ஆறுதான் வரும், 1க்கு 11-இல் தொடங்கி 6க்கு 6 வரை. பரப்பளவு 11, 20, 27, 32, 35, 36. இதுவரை வழக்கமான கணக்குத்தான். இப்போது கேளுங்கள்: ‘கட்டக்கோடுகளின் மேலேயே வரைய வேண்டும், சுற்றளவு 24 ஆகவே இருக்க வேண்டும், ஆனால் பரப்பளவு 34 வர வேண்டும். செவ்வகமாக இருக்கத் தேவையில்லை.’ பிள்ளைகள் 6க்கு 6 சதுரத்தின் மூலையில் ஒரு கட்டத்தை வெட்டிப் பார்க்கத் தயங்குவார்கள், வெட்டினால் சுற்றளவு குறையும் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. வெட்டி எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கம் போய் அதே நீளத்தில் இரண்டு பக்கம் வந்திருக்கும். சுற்றளவு 24, பரப்பு 35. இன்னொரு மூலையையும் வெட்டினால் 34. அங்கிருந்து கேள்வி தானாக வளரும்: இப்படி எவ்வளவு குறைக்கலாம்? ஒரு நிரையும் ஒரு நிரலும் மட்டும் மிஞ்சிய ‘எல்’ வடிவத்தில் 11 கட்டம் இருக்கும். அதற்குக் கீழே போக முடியாது. 11 முதல் 36 வரை எல்லாப் பரப்பளவும் வரும். ஏன் 10 வராது என்று விளக்கச் சொல்லுங்கள். கட்டங்கள் முழுப்பக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், மூலை மட்டும் தொட்டால் கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அரைமணி நேரம் அந்த வழக்கிலேயே போய்விடும்.

அறிவியலில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு ஏ4 தாளை 20 செ.மீ. இடைவெளியில் பாலமாக வைத்து நாணயம் அடுக்கும் செயல்பாடு பலருக்கும் தெரியும். அதற்குப் பசை, தெர்மாகோல், ஐஸ்குச்சி எல்லாம் அனுமதித்தால் கைவினைப் போட்டி ஆகிவிடும், வீட்டிலிருந்து அப்பா செய்த பாலமும் வரும். ஒரு தாள், வெறும் கை, 10 நிமிடம், வகுப்பிலேயே. தட்டையான தாள் தன் எடைக்கே தொய்யும். நீளவாட்டில் 1.5 செ.மீ. மடிப்புகளாக விசிறிபோல் மடித்தால் தாங்கும், ஆனால் நாணயம் வைத்த இடத்தில் மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து சரியும். எத்தனை நாணயம் தாங்கியது என்பதை மட்டும் எழுதச் சொன்னால் வகுப்பில் ஒருவர் வெல்வார், மற்றவர்கள் தோற்பார்கள். ‘எங்கே, எப்படிச் சரிந்தது, அடுத்த தாளில் எந்த ஒன்றை மாற்றினாய், அதனால் என்ன ஆனது’ என்று எழுதச் சொன்னால் எல்லோருக்கும் வேலை இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

இனிப் பயிற்சி நடத்துவோரிடம். குழுவாக உட்காரவைத்து, ஒரு சார்ட்டும் ஸ்கெட்சும் கொடுத்து, ‘யோசனைகளைச் சொல்லுங்கள்’ என்று தொடங்குவது நம் வழக்கமாகிவிட்டது. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-இல் பரப்பிய ‘பிரெயின்ஸ்டார்மிங்’ முறை இது. ஐந்தே ஆண்டில், 1958-இல், யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதைச் சோதித்துவிட்டது. சேர்ந்து உட்கார்ந்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைத் தொகுத்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பதை 1987-இல் உளவியலாளர்கள் டீலும் ஷ்ட்ரோபேயும் காட்டினார்கள். நம் வகுப்பில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஸ்கெட்ச் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைப்பதே குழுவின் கருத்தாகிறது, அது பெரும்பாலும் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் கை. ஆகவே முதலில் ஒவ்வொருவரும் தனியாக 3 நிமிடம் எழுதட்டும். பிறகு தாளைப் பக்கத்தில் உள்ளவருக்குத் தள்ளி, அவர் 2 நிமிடத்தில் ஏற்கெனவே இல்லாத ஒன்றைச் சேர்க்கட்டும். நான்கு பேர் பெஞ்சில் தாள் ஒரு சுற்று வர 9 நிமிடம். பேச்சு அதற்குப் பிறகு.

எண்ணிக்கையைப் பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். கொட்டாங்குச்சியின் பயன்களைக் கேட்டால் அகப்பை, கிண்ணம், உண்டியல், பூந்தொட்டி என்று ஒரு பிள்ளை பத்து எழுதும். பத்தும் ‘எதையாவது உள்ளே வைப்பது’ என்ற ஒரே வகை. இன்னொரு பிள்ளை நான்கே எழுதியிருக்கும்: அடுப்புக்கு, தாளம் தட்ட, மணலில் இட்லி வார்க்க, நூல் கட்டித் தொலைபேசி விளையாட. நான்கு வகை. படைப்புச் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் கில்ஃபோர்டின் காலத்திலிருந்தே எண்ணிக்கையையும் வகைப்பரப்பையும் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். நம் மதிப்பீட்டுத் தாளில் வகைக்கே இடம் கொடுங்கள்.

ஆசிரியர் காத்திருக்கும் நேரமும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பதிவு செய்தார். அதை 3 நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். முதல் விடைக்கு ‘வெரிகுட்’ என்றதும் மற்ற கைகள் இறங்கிவிடும். ‘சரி, வேறு?’ என்று கேட்டால் இறங்காது.

பயிற்சியில் இடது மூளை, வலது மூளை படம் காட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படைப்பாற்றல் வலது பக்கத்தில் குடியிருக்கிறது என்பதற்கு அறிவியல் ஆதரவு இல்லை. அந்த அரைமணி நேரத்தில் ஆசிரியர்களையே ஒரு விடுகதை எழுதவைத்து, மூன்று பேரிடம் சோதிக்கவைத்து, திருத்தவைக்கலாம். தன் வரைவு தடுமாறுவதைப் பார்த்த ஆசிரியருக்குப் பிள்ளையின் முதல் வரைவிடம் பொறுமை வரும்.

மதிப்பெண் பற்றி எங்கள் பரிந்துரை இது. வளரறி மதிப்பீட்டில் 10 மதிப்பெண் செயல்பாடு ஒன்றில், வகைப்பரப்புக்கு 2, பாடக்கருத்து சரியாக இருப்பதற்கு 2, ஏன் இதைத் தேர்ந்தாய் என்ற காரணத்துக்கு 2, முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையே நடந்த மேம்பாட்டுக்கு 4. முதல் வரைவில் எண்ணே போடக்கூடாது, ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பித்தர வேண்டும். இஸ்ரேலியப் பள்ளிகளில் ரூத் பட்லர் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் ஆர்வம் குன்றாமல் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. எண்ணைப் பார்த்தபின் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 40 தாளுக்கு 40 கேள்வி எழுத நேரமில்லை என்பதும் உண்மை. அதனால் ஒரு தடவைக்கு 10 தாள் போதும், மற்ற முப்பதையும் பிள்ளைகளே பக்கத்தில் உள்ளவருக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கட்டும். நான்கு தடவையில் எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பாடத்துக்கு இரண்டு வாரத்தில் ஒரு முறை போதும், பாடம் நடத்தி முடித்த பிறகு. முன்னால் வைத்தால் பயனில்லை. சுற்றளவு தெரியாத பிள்ளையால் சுற்றளவை வைத்து விளையாட முடியாது, தெரிந்ததை வைத்துத்தான் புதியது வரும். மாலை நேர மன்றமாகவோ வாரம் ஒரு தனிப் பாடவேளையாகவோ இதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்குமே என்ற கவலையும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாயால் சொல்ல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத, நான்காம் வகுப்புப் பிள்ளை விடை கண்டுபிடிக்க, விடுகதைப் பாடம் அங்கேதான் இன்னும் நன்றாக நடக்கும்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகிவிட்டது. அடுத்த கையேடுகளை எழுத உட்காரும்போது உங்களிடம் மூன்றைக் கேட்கிறோம். ஒவ்வொரு அலகின் முடிவிலும் ஒரு திறந்த வினா, அதற்குப் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் முதல் மூன்று விடைகள், எங்கே தடுமாறுவார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை அச்சிடுங்கள். வெறுமனே ‘மாணவர்களைச் சிந்திக்கத் தூண்டுக’ என்று எழுதினால் ஆசிரியருக்கு ஒன்றும் கிடைக்காது. காட்சி வினாவுக்கு மேலே சொன்ன நிபந்தனையைச் சேர்த்து, இரண்டு மாதிரி விடைத்தாள்களைத் திருத்திக் காட்டி, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளிகளுக்கு அனுப்புங்கள். பொதுத்தேர்வில் திடீரென்று மாற்றினால் பிள்ளைகள்தான் அடிபடுவார்கள், அதனால் முதல் ஆண்டு காலாண்டிலும் அரையாண்டிலும் மட்டும் வைத்துப் பாருங்கள். அந்த விடைத்தாள்களில் ஒரு கட்டை எடுத்து, திருத்திய ஆசிரியர்களோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரே விடைத்தாளுக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணில் ஒன்றுக்கு மேல் வேறுபாடு வந்தால் விடைக்குறிப்பு தெளிவாக இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகு பொதுத்தேர்வுக்குக் கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
தமிழ், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் சிலர்